சிங்கப்பூரிலிருந்து வந்த மூலிகைப் பொட்டலம் தீராத சோர்வைப் போக்குமா?

கேள்வி: வேளச்சேரியில் வசிக்கிறேன். வயது 41, வங்கி வேலை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கோவிட் வந்துபோனதிலிருந்து உடம்பில் சக்தியே இல்லை. தூங்கி எழுந்தாலும் தூங்காதது போலவே இருக்கிறது. தைராய்டு மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் எடுத்துக்கொள்கிறேன். மருத்துவர் எல்லா ரிப்போர்ட்டும் நார்மல் என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் நாத்தனார், சோர்வுக்கு நல்லது என்று சீன மூலிகைப் பொட்டலங்கள் அனுப்பியிருக்கிறார். எங்கள் பகுதியில் அக்குபங்சர் செய்பவரும் ஆறு மாதம் சீன மூலிகை சாப்பிட்டால் வேரோடு போய்விடும் என்கிறார். சாப்பிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். சில பரிசோதனைகள் முடிந்து, உங்கள் சோர்வு எந்த வகை என்று தெரிந்த பிறகு, கண்காணிப்போடு ஒரு சின்ன முயற்சிக்கு இடம் உண்டு. "வேரோடு போய்விடும்" என்ற பேச்சை மட்டும் இன்றே மறந்துவிடுங்கள். அப்படிச் சொல்ல இந்த நோயில் யாருக்கும் ஆதாரம் கிடையாது.

மூலிகை மருந்தியல் கற்பித்தவன் என்ற முறையில் சீன மருந்துகள் மீது எனக்கு இளக்காரம் இல்லை. மலேரியாவை மடக்கும் ஆர்ட்டிமிசினின் அங்கிருந்து வந்ததுதான். அதைப் பிரித்தெடுத்த தூ யூயூ 2015-இல் நோபல் பரிசு பெற்றார். என் மனத்தாங்கல் எல்லாம், ஒரு பழைய மருத்துவத்தின் நுணுக்கத்தை உதறிவிட்டு அதன் பொட்டலத்தை மட்டும் விற்பவர்கள் மீதுதான்.

சோர்வு என்று எழுதி ஒரே மருந்தைக் கொடுப்பது சீன மருத்துவத்தின் வழக்கமே இல்லை. இதற்கு அவர்கள் அதிகம் பயன்படுத்தும் கலவை 'பூ ஜோங் யீ சீ தாங்'. அதை வகுத்தவர் லீ தோங்யுவான் (1180–1251). மங்கோலியர்கள் 1232-இல் கைஃபெங் நகரை முற்றுகையிட்டபோது அவர் அங்கே நடந்ததை அறிந்தவர். முற்றுகை விலகிய பின் மக்கள் காய்ச்சலிலும் தளர்ச்சியிலும் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். மற்ற மருத்துவர்கள் அதை வெளியிலிருந்து வந்த நோய் என்று எண்ணி வியர்க்கவும் பேதியாகவும் மருந்து கொடுத்தார்கள். லீ மறுத்தார். பசி, அலைச்சல், பயம் எல்லாம் சேர்ந்து செரிமானத்தை உள்ளேயே உடைத்துவிட்டன, இவர்களுக்கு ஊட்டம்தான் மருந்து என்றார். வெளியிலிருந்து வந்த கேடு எது, உள்ளேயிருந்து வந்த நலிவு எது என்று பிரித்துக் காட்டுவதற்கென்றே 1247-இல் ஒரு நூல் எழுதினார். அந்தக் கலவையின் பெருமையே இந்தப் பிரித்தறிதலில்தான் இருக்கிறது. நாடி பார்க்காமல், நாக்கை நீட்டச் சொல்லாமல் அதை எடுத்து நீட்டுகிறவர் லீயின் பெயரைச் சொல்லிக்கொள்ளத் தகுதியில்லாதவர்.

அவர்கள் பிரிக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பசியின்மை, இளகிய மலம், பேசினாலே மூச்சு வாங்குதல், வெளுத்து ஓரத்தில் பல் தடம் பதிந்த நாக்கு இருந்தால் மேலே சொன்ன கலவை. படபடப்பு, தூக்கமின்மை, ஓயாத கவலை என்றால் 'குயீ பீ தாங்'. எரிச்சல், விலாவில் இறுக்கம், அடிக்கடி பெருமூச்சு என்றால் 'ஷியாவ் யாவ் சான்'. உள்ளங்கைச் சூடு, இரவு வியர்வை, சிவந்த நாக்கு என்றால் வேறு வழி. ஒருவருக்குப் பொருந்துவது அடுத்தவருக்கு வயிற்று உப்புசத்தையும் தலைவலியையும் தரும் என்று அவர்களே சொல்வார்கள். ஆகவே உங்கள் நாத்தனாருக்கு அது அமிர்தமாகவே இருந்திருந்தாலும் உங்களுக்கு அது மருந்து என்று ஆகிவிடாது.

பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது என்ன தெரியும்? சாய்வாகச் சீவிய வெளிர்மஞ்சள் வில்லைகள், நடுவில் இன்னும் கொஞ்சம் மஞ்சளான வட்டம், ஓரத்தில் நார், மென்றால் பச்சை அவரையின் வாடையோடு லேசான இனிப்பு. இது பெரும்பாலும் ஹுவாங் சீ, அவரைக் குடும்பத்து அஸ்ட்ராகலஸ் வேர். பழுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு, செலரி போல நெடியடிக்கும் வேர்த்துண்டு தாங் குயீ. உலர்ந்த ஆரஞ்சுத் தோலைச் சொல்ல வேண்டியதில்லை. இனிக்கும் மஞ்சள் குச்சி அதிமதுரம். நம் ராசப்பா செட்டி தெரு நாட்டு மருந்துக் கடைகளில் கிடைப்பதன் நெருங்கிய உறவு. இவற்றோடு ஜின்செங், பாய் ஜூ, சாய் ஹூ, ஷெங் மா என்று எட்டுச் சரக்கு சேர்ந்தால் லீயின் கலவை. அரை மணி நேரம் ஊறவைத்து, மண்சட்டியில் இரண்டு முறை காய்ச்சி, இரண்டு வடிநீரையும் கலந்து காலை, மாலை குடிக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. கபசுரக் குடிநீர் காய்ச்சிப் பழகிய சென்னை வீட்டுக்கு இது ஒன்றும் புதிதல்ல. ஆனால் கண்ணுக்கும் நாக்குக்கும் எட்டுவது இவ்வளவுதான். பொடித்துவிட்டால் இதுவும் தெரியாது. ஆகையால் பொடியாகவோ உருண்டையாகவோ வந்திருந்தால் உறையில் என்ன எழுதியிருந்தாலும் நான் தொடமாட்டேன்.

இனி ஆதாரம். தீராத சோர்வுக்குச் சீன மூலிகை பயன்படுமா என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2009-இல் தேடிப் பார்த்தது. அவர்களுடைய அளவுகோலுக்குள் வந்த ஆய்வு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதன்பின் வந்த தொகுப்புகள், பெரும்பாலும் சீனாவில் நடந்த சிறிய ஆய்வுகளைச் சேர்த்து, பலன் இருக்கிறது என்றே சொல்கின்றன. கூடவே, அந்த ஆய்வுகளின் தரம் போதாது என்றும் அவையே ஒப்புக்கொள்கின்றன. யாருக்கு மருந்து, யாருக்கு வெற்றுப்பொடி என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் மறைப்பதுதான் இத்தகைய ஆய்வின் உயிர். நாற்றமும் கசப்புமாக இருக்கும் கஷாயத்தில் அதைச் செய்வது கடினம். கொரியாவில் 2013-இல் வெளியான ஓர் ஆய்வு இதை ஒழுங்காகச் செய்தது. காரணம் தெரியாத நெடுநாள் சோர்வுள்ள 90 பேர், ஜின்செங் சாறு, நான்கு வாரம். மனத்தின் களைப்பைக் காட்டும் மதிப்பெண்ணில் வெற்றுப்பொடியைவிட முன்னேற்றம் தெரிந்தது. நல்ல செய்திதான். ஆனால் நான்கு வாரத்தை வைத்து ஆறு மாத வைத்தியத்துக்கு உத்தரவாதம் தர முடியாது.

இதன் பக்கத்தில் சாதாரண இரும்பு மாத்திரையை வைத்துப் பாருங்கள். பிரான்சில் 2012-இல் வெளியான ஆய்வு: ரத்தசோகை இல்லாத, ஆனால் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 50-க்குக் கீழே இருந்த, களைப்பு என்று வந்த 198 பெண்கள். பன்னிரண்டு வாரம் தினம் 80 மில்லிகிராம் இரும்பு எடுத்தவர்களின் சோர்வு மதிப்பெண் ஏறத்தாழ 48 சதவீதம் குறைந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் 29 சதவீதம் குறைந்தது. இந்த இரண்டாவது எண்ணை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். "எனக்கு அந்தக் கஷாயத்தில் குணம் தெரிந்தது" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் எதுவுமே இல்லாத மாத்திரையிலும் இவ்வளவு குணம் தெரியும்.

ஆகவே முதல் வேலை, "எல்லாம் நார்மல்" என்ற அந்த ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஃபெரிட்டின் பார்த்தார்களா என்று தேடுவது. ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவது இங்கே வாடிக்கை. ஃபெரிட்டின் பார்த்திருந்தாலும், பல ஆய்வகங்கள் 10, 15 என்ற அளவிலிருந்தே சரி என்று அச்சிடுகின்றன. 18 இருக்கும் பெண்ணும் நார்மல் ஆகிவிடுகிறாள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சோர்வு என்று சொல்லும் தமிழ்நாட்டுப் பெண்ணிடம் வேறு எதைத் தேடுவதற்கும் முன்னால் இரும்பைத் தேட வேண்டும் என்பதற்கு இந்த ஒரு எண் போதும். மாதவிடாய்ப் போக்கு அதிகமா என்று உங்களை யாராவது கேட்டார்களா? கேட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

கூடவே பி12 (சைவமாக இருந்தாலோ சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டாலோ கட்டாயம்), தைராய்டுக்கு டிஎஸ்எச், மூன்று மாதச் சர்க்கரை அளவு, சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், கல்லீரல் பரிசோதனை, உடம்பில் அழற்சி உண்டா என்று காட்டும் ஈஎஸ்ஆர். எடை குறைந்து மாலையில் காய்ச்சல் வந்தால் காசநோய்க்கும் பார்க்க வேண்டும். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்ற சோதனை. மனச்சோர்வும் இந்தப் பட்டியலில் உண்டு. அதைச் சொன்னால் "எல்லாம் மனப்பிரமை" என்று ஒதுக்குவதாக நினைக்காதீர்கள்.

தைராய்டு மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்பதும் முக்கியம். வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, அடுத்த ஐந்தாவது நிமிடம் டிகிரி காபி குடிக்கும் வீடுகள் இந்த ஊரில் ஏராளம். காபி அதை உறிஞ்ச விடாது. அரை மணி நேரமாவது, முடிந்தால் ஒரு மணி நேரம், இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரை தொடங்கினால் அதற்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவே நான்கு மணி நேரம் விடுங்கள். எந்தக் கஷாயமும் தைராய்டு மாத்திரையோடு சேரக்கூடாது.

இத்தனையும் பார்த்துக் காரணம் கிடைக்கவில்லை என்றால்தான் அடுத்த கேள்வி வருகிறது. நீங்கள் எழுதியதில் அதற்கு விடை இல்லை. நீங்களே உங்களைக் கவனித்துச் சொல்ல வேண்டும். ஒரு நாள் கூடுதலாக அலைந்துவிட்டால், அன்றே அல்லாமல் மறுநாளோ அதற்கடுத்த நாளோ உடம்பு மொத்தமாகச் சரிகிறதா? அந்தச் சரிவு நாட்கணக்கில் நீடிக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை உறவினர் கல்யாணத்துக்குப் போய்வந்து, செவ்வாய்க்கிழமை பல் துலக்கக்கூடக் கை தூக்க முடியாமல் கிடந்ததுண்டா? உண்டு என்றால் அது சாதாரணக் களைப்பு இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் செயலிழப்பு, இந்தப் பிந்திய சரிவு, ஓய்வு தராத தூக்கம் ஆகிய மூன்றும், இவற்றோடு மூளை மந்தம் அல்லது நிமிர்ந்து நிற்கும்போது மோசமாதல் ஆகிய இரண்டில் ஒன்றும் இருந்தால் அதை நாட்பட்ட சோர்வு நோய் என்று கொள்ளலாம் என அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் (இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்) தந்த 2015 அறிக்கை வரையறுத்தது. கோவிடுக்குப் பின் இப்படி ஆனவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். நிற்கும்போது மோசமாகிறதா என்பதை மருத்துவரிடம் எளிதாகவே சோதிக்கலாம்: படுத்திருக்கும்போது நாடித்துடிப்பை எண்ணி, பிறகு பத்து நிமிடம் நிற்கவைத்து எண்ணுவது. ரத்த அழுத்தம் இறங்காமலே துடிப்பு 30-க்கு மேல் ஏறி நீடித்தால் அதற்குத் தனி வைத்தியம் இருக்கிறது. சென்னை மே மாதத்தில் இந்தத் தொல்லை இரட்டிப்பாகும்.

இந்த நோய்க்குக் குணமாக்கும் மருந்து இன்றைக்கு அலோபதியிலும் இல்லை. இருப்பது, உடம்பின் வரம்புக்குள் வாழப் பழகுவது. கையில் இருக்கும் சக்தியை மாதச் சம்பளம் போல முன்கூட்டியே பிரித்து, கடன் வாங்காமல் செலவழிக்க வேண்டும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டிக்கொண்டே போங்கள் என்ற பழைய அறிவுரையை மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-இல் கைவிட்டுவிட்டது. இங்கே இன்னும் பலர் அதையே சொல்கிறார்கள். "வாக்கிங் போனால் சரியாகிவிடும்" என்று சொல்லாத மாமாவோ சித்தப்பாவோ உண்டா?

மூலிகை டானிக்கில் எனக்குள்ள பெரிய அச்சம் இங்கேதான். ஜின்செங்கும் ஹுவாங் சீயும் சிலருக்கு உண்மையிலேயே ஒரு தெம்பைத் தரும். தெம்பு வந்ததும் நம் பெண்கள் என்ன செய்வார்கள்? நிறுத்தி வைத்திருந்த அலமாரி, பரண், துணி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். பிந்திய சரிவு உள்ளவருக்கு அந்தத் தெம்பு ஒரு பொறி. இரண்டு நாள் கழித்துப் படுக்கையில் விழுந்ததும், மருந்து போதவில்லை என்று அளவைக் கூட்டுவார்கள். பிறகு இன்னொரு சரிவு.

இனி உடனடி ஆபத்துகள். உங்களுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. நான் மேலே பெயர் சொன்ன மூன்று கலவைகளிலும் அதிமதுரம் உண்டு. தொடர்ந்து எடுத்தால் அது உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை இறக்கி, அழுத்தத்தை ஏற்றும். பொட்டாசியம் இறங்கினால் வரும் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்று தசைத் தளர்ச்சி. அதாவது நீங்கள் எதற்காக மருந்து குடித்தீர்களோ அதே சோர்வு. உங்கள் அழுத்த மாத்திரையில் நீர்பிரிக்கும் மருந்தும் கலந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். இருமலுக்கு வீட்டில் அதிமதுரப் பொடி போடுகிற பழக்கமும் இருந்தால் மூன்று பக்கமிருந்தும் அடி. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவருக்கு தாங் குயீயும் ஜின்செங்கும் ஆகாது. சர்க்கரை மாத்திரை எடுப்பவர் ஜின்செங்கில் கவனமாக இருக்க வேண்டும்.

மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்பவர்களுக்கு இரண்டு நிகழ்வுகளைச் சொல்வேன். பிரஸ்ஸல்ஸில் 1990-களின் தொடக்கத்தில், உடல் இளைக்க ஒரு மருத்துவமனையில் சீன மூலிகைப் பொடி எடுத்த பெண்களுக்கு வரிசையாகச் சிறுநீரகம் செயலிழந்தது; நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். 'ஃபாங் ஜீ' என்ற பெயரில் வழங்கும் இரண்டு வேர்களில் ஒன்றுக்குப் பதில் மற்றது போய்விட்டது. அதில் இருந்தது அரிஸ்டோலோகிக் அமிலம்; சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்குவது. சீனச் சரக்கு என்று ஏளனம் செய்ய வேண்டாம்: நம்முடைய ஆடுதீண்டாப்பாளையும் ஈசுவரமூலியும் அதே அரிஸ்டோலோகியா இனம்தான். இரண்டாவது ஜப்பான். அங்கே சீன வழிக் கலவைகள் மருத்துவக் காப்பீட்டிலேயே கிடைக்கின்றன, தரக்கட்டுப்பாடும் கறாரானது. அப்படியிருந்தும், கல்லீரல் நோய்க்கு ஷியாவ் சாய் ஹூ என்ற பழம்பெரும் கலவையை எடுத்தவர்களில் பத்துப் பேர் நுரையீரல் அழற்சியில் இறந்ததாக 1996-இல் அரசு எச்சரிக்கை விட்டது. ஆயிரத்து எண்ணூறு ஆண்டுப் பழக்கமுள்ள மருந்து அது.

இன்னொரு சூட்சுமம். குடித்த ஒரே வாரத்தில் உடம்பு பஞ்சாகப் பறக்கிறது, வலியெல்லாம் போய்விட்டது, பசி எடுக்கிறது என்றால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள். மூலிகை என்று விற்ற பொருட்களில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததாக சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையமே திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. மூலிகை அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. ஸ்டீராய்டு கலந்ததை மாதக்கணக்கில் எடுத்திருந்தால் அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரிடம் ஓட வேண்டும்.

உங்கள் பகுதி அக்குபங்சர்காரர் விஷயம். ஊசிச் சிகிச்சையை மத்திய அரசு 2003-இல் ஒரு சிகிச்சை முறையாக ஏற்றுக்கொண்டது. சீன மூலிகை மருத்துவம் அப்படியல்ல. ஆயுஷ் பட்டியலில் ஆயுர்வேதம், யோகம், யுனானி, சித்தா, திபெத்திய சோவா ரிக்பா, ஹோமியோபதி எல்லாம் உண்டு, இது இல்லை. ஆக, அவர் கொடுக்கும் மூலிகையால் உங்களுக்கு ஏதாவது ஆனால் முறையிட ஒரு கவுன்சில் கிடையாது. சிங்கப்பூரில் நிலைமை வேறு. 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி சீன மருத்துவர் அங்கே பதிவு செய்திருக்க வேண்டும். நாத்தனார் பார்த்தவர் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள்.

பாரம்பரிய மருத்துவம்தான் மனத்துக்கு ஒப்பும் என்றால், சீனா வரை போவானேன்? தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அரும்பாக்கத்தில் அரசு சித்த மருத்துவமனை இருக்கிறது. பதிவு பெற்ற மருத்துவர்கள். ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். ரத்தசோகைக்கு அவர்கள் தரும் அன்னபேதிச் செந்தூரம் இரும்புதான். அதற்காக அங்கேயும் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. சீந்தில் கொடியும் அமுக்கராவும் சிலருக்குக் கல்லீரலைப் பாதித்ததாக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அமுக்கராவை 'இந்திய ஜின்செங்' என்று விற்பது வியாபாரம். இரண்டும் வேறு வேறு குடும்பத்துச் செடிகள்.

எல்லாப் பரிசோதனையும் முடிந்து, இரும்பும் தைராய்டும் சரிசெய்து, அப்போதும் சீன மூலிகையை முயன்று பார்க்க விரும்பினால் என் நிபந்தனைகள் இவை. பதிவு பெற்ற சீன மருத்துவர் உங்களை நேரில் பார்த்திருக்க வேண்டும். சிங்கப்பூர் போகும்போது அதைச் செய்யுங்கள். ஒவ்வொரு சரக்கின் தாவரப் பெயரும் எடையும் எழுதி வாங்குங்கள்; எழுதித்தர மறுப்பவரிடம் மருந்து வாங்காதீர்கள். ரத்த அழுத்தம் இருப்பதைச் சொல்லி, அதிமதுரம் இல்லாமலோ மிகக் குறைத்தோ கேளுங்கள். அந்தத் தாளை உங்கள் சென்னை மருத்துவரிடமும் காட்டுங்கள். திட்டுவார் என்று மறைப்பவர்களே அதிகம். திட்டினாலும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தொடங்கும் முன் கல்லீரல், கிரியாட்டினின், பொட்டாசியம் பார்த்துக்கொள்ளுங்கள். நான்காவது வாரம் மறுபடியும் பாருங்கள். வீட்டில் வாரம் இரண்டு முறை ரத்த அழுத்தம் எழுதி வையுங்கள். அந்த நாட்களில் வேறு புது மருந்து, புது உணவுமுறை எதையும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது. தெம்பு வந்தாலும் முதல் மாதம் அன்றாட வேலையின் அளவைக் கூட்டாதீர்கள். எட்டு வாரத்தில் வித்தியாசம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுங்கள். இடையில் கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் அடர்ந்தாலோ, கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கி வறட்டு இருமல் வந்தாலோ எட்டு வாரம் வரை காத்திருக்க வேண்டாம். அன்றே நிறுத்திவிட்டு, மிச்சமிருக்கும் மருந்தையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.